நாலு குப்பிகளையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், ஆச்சி

ஆச்சிக்கு,

ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. நாலு குப்பிகளையும் உன் அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி நேற்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். நீ என் போனை எடுக்காமல் விட்டதிலிருந்து, காலையிலும் ராத்திரியிலும் அவளிடம்தான் "அம்மாவுக்கு இன்னைக்கு ஏதாச்சும் வாசனை தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனிக் கேட்க மாட்டேன். பிள்ளையார் நோன்பு மறுபடி வருகிறது. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் இங்கே எழுதுவதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால் சில பெயர்களை விட்டுவிடுகிறேன். அவர்களுக்காக ஒன்று: எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்.

உன் மூக்குக்கு மணம் திரும்ப வேண்டும் என்று நான் வைத்த அந்தக் குப்பிகள் என் கிறுக்கு இல்லை. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மலும் அவரோடு இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட முகரும் பயிற்சி அது. அதே நாலு வாசனை, தினமும் இரண்டு வேளை, 12 வாரம். மணம் போன சிலருக்கு அதனால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. உனக்கும் திரும்பும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். விலங்கியல் பாடம் எடுக்கிறவளுக்கு அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கலாம்.

அன்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிப் பேச ஆரம்பித்ததும் நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நீ கேட்காமல் போனதை இப்போது எழுதுகிறேன். மூக்கின் உச்சியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, பொடிப்பொடித் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. மணத்தை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. பின்மண்டை தரையில் மோதினால் மண்டையோட்டுக்குள் மூளை அசைந்துகொடுக்கும், எலும்பு கொடுக்காது. இழைகள் அங்கேயே அறுந்துபோகக் கூடும். நீ பரணிலிருந்து விழுந்து, தலையில் ரத்தமே வரவில்லை என்று நாம் எல்லோரும் நிம்மதிப்பட்டோமே, அன்று உள்ளே நடந்தது அதுதான்.

மூக்கில் இருக்கிற மணச் செல்கள் ஆயுசு முழுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. காதுக்குள் இருக்கிற மயிர்ச்செல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, போனால் போனதுதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நம்பினேன். ஆனால் அந்தத் துளைகளில் தழும்பு விழுந்து மூடிக்கொண்டால், புதிதாக முளைத்த இழை மூளையைப் போய்ச் சேர வழியில்லை. காய்ச்சலில் மணம் போனவர்களைவிட அடிபட்டுப் போனவர்களுக்குத் திரும்புவது குறைவு. இது எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் குப்பிகளை வைத்தேன், ஏனென்றால் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நீயோ ஒரு நாள்கூட மனசோடு முகர்ந்து பார்க்கவில்லை. கடமைக்குக் குப்பியைத் தூக்கிவிட்டு, மூடியைத் திருகிவிட்டுப் போனாய். அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, ஆச்சி.

உன் மூக்கு எப்பேர்ப்பட்டது என்று உனக்கே தெரிந்திருக்காது. லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் என்ற இரண்டு பேர் 1991இல் மணத்தைப் பிடிக்கிற ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அவற்றில் வேலை செய்பவை ஏறக்குறைய 400 வகை. கண்ணுக்கு நிறம் காட்டும் செல் மூன்றே வகைதான், அந்த மூன்றை வைத்துக்கொண்டே கண்டாங்கிச் சேலையின் அத்தனை சாயத்தையும் பிரித்துப் பார்க்கிறோம். 400 வகையை வைத்துக்கொண்டு நீ என்னவெல்லாம் செய்தாய்! வெறும் சட்டியில் கல்பாசியைப் போட்டால், அது நிறம் மாறுவதற்கு முன்னால் முகப்பில் உட்கார்ந்தபடியே "இறக்குடி" என்று குரல் கொடுப்பாய். மராத்தி மொக்கு பழசா புதுசா என்று காரைக்குடிச் சந்தையில் கடைக்காரரோடு வாதாடுவாய். கோட்டையூர்ப் பக்கம் மழை இறங்கினால் பள்ளத்தூரில் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கச் சொல்வாய். மண்ணில் இருக்கிற நுண்ணுயிரிகள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது. துளியினும் துளி இருந்தாலே மனித மூக்குக்கு எட்டிவிடும். உனக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் எட்டியது.

அதனால்தான் போன நோன்பன்று நடந்ததை என்னால் கடக்க முடியவில்லை.

சொந்தக்காரக் கூட்டம் முழுக்க வளவில், வீட்டின் நடு முற்றத்தில், இருந்தது. ஆவாரம்பூ வந்துவிட்டதா, நோன்பன்று திரி ஏற்றி எடுத்துக்கொள்கிற இழைமாவில் வெல்லம் போதுமா என்று ஆளாளுக்குப் பேச்சு. நீ இரண்டாம் கட்டு அடுப்படியில் பணியாரத்துக்கு எண்ணெய் காய வைக்கப் போயிருந்தாய். நான் நிலைப்படியைத் தாண்டியபோது முகத்தில் அடித்தது கேஸ் வாடை. காற்றில் ஒரு அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நீ பக்கத்து அடுப்புக்குத் தீப்பெட்டியைத் திறந்து, குச்சியைக் கையில் எடுத்துவிட்டாய். உன் முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை அப்படிக் கத்த வைத்தது. குச்சியைத் தட்டிவிட்டேன். "மூக்கு என்ன செத்தா போச்சு உனக்கு?" என்றேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நீ என்னைப் பார்த்து, "ஆமாடி, செத்துத்தான் போச்சு. விழுந்த அன்னைக்கே" என்றாய்.

சிலிண்டர் வாயுவுக்குத் தனக்கென்று வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். 1937இல் டெக்சஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வாயுக்கசிவால் வெடித்து ஏறக்குறைய 300 பேர் செத்த பிறகுதான் அங்கே வாயுவில் மணம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். இப்போது என்னால் அந்தப் பாடத்தை முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

குச்சியைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்னொரு முறை நடந்தாலும் தட்டுவேன். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை வந்ததற்குத்தான் கேட்கிறேன். ஆனால் நீ சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்கு வேலையே இருந்திருக்காதே? விழுந்த அன்றிலிருந்து அத்தனை மாதம் என்னிடம்கூட மறைத்தாயே, எதற்கு? ஆத்தாவிடம் மறைத்தது சரி. நான் யார் உனக்கு? அன்று வளவில் ஒருவர் சொன்ன பேச்சு உன்னை எவ்வளவு சுட்டது என்பது எனக்குத் தெரியும். அவர் யாரென்று இங்கே எழுத மாட்டேன். அவரும் படிக்கிறார், படிக்கட்டும்.

நீ மறைத்த மாதங்களில் உன் குழம்பில் காரம் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் முணுமுணுத்தார்கள். எனக்கு இப்போது புரிகிறது. மிளகாயின் எரிப்பு மூக்கையும் நம்பியதில்லை, நாக்கின் சுவை மொட்டையும் நம்பியதில்லை. சுடுகிற சூட்டை உணர்கிற அதே நரம்பு ஏற்பிதான் அதையும் உணர்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் அதைக் கண்டுபிடித்தார். 2021இல் தொடுகையின் ஏற்பிகளைக் கண்ட ஆர்டெம் படாபூட்டியனோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். மணம் இல்லாத வாயில் உப்பும் புளிப்பும் காரமும்தான் துலக்கமாக இருந்திருக்கும். உனக்கு எட்டியதை நீ கூட்டிக்கொண்டாய். அதைக் குறை சொன்னவர்கள் இனிச் சொல்ல மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

"எறும்புக்கே மூணு அறிவு, எனக்கு அதுல ஒண்ணு போச்சு" என்று நீ அயித்தானிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தொல்காப்பியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். தொடுகை, சுவை, மணம் என்று மூன்றோடு எறும்பைத் தொல்காப்பியர் நிறுத்துகிறார். என் பாடமும் அதை ஒத்துக்கொள்கிறது. வரிசையாகப் போகிற எறும்புகளின் தடத்தை விரலால் துடைத்துவிட்டால் அவை திகைத்து நின்றுவிடும், தடம் வாசனையால் ஆனது. ஆனால் தொல்காப்பியத்தின் மரபியல் பகுதி ஒவ்வொரு அறிவாகக் கூட்டிக்கொண்டு போகிறதே தவிர எங்கேயும் கழித்துக் காட்டவில்லை. கழித்தது நீ.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. இந்த வருஷம் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை நடத்தாமல் வேறு ஆசிரியையிடம் விட்டுவிட்டாயாம். தும்பியைக் கூப்பிட்டு, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிற பாட்டு. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் கூந்தலின் மணம் எது என்று புலவர் சொல்கிறாரா? கேள்வியோடு விட்டுவிடுகிறார், தும்பியும் பதில் சொல்லவில்லை. அந்த மணத்தை முகராமல்தான் நீ இத்தனை வருஷம் நடத்தினாய். நானும் முகராமல்தான் உன்னிடம் படித்தேன். அந்தப் பாட்டை நீ விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

மணம் போனது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஆத்தாவின் பெட்டகத்தைத் திறந்தபோது நீ சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மற்ற புலன்களின் செய்தியெல்லாம் மூளையின் நடுவே ஒரு நிலையத்தில் நின்றுதான் போகும், மணம் மட்டும் நேராக ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்குள் நுழைந்துவிடும். உனக்கு அடைபட்டிருப்பது அந்த வழி. அதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, சொல்லவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் நான் கவனித்ததைச் சொல்கிறேன். உன் தேன்குழல் மாறவே இல்லை. எண்ணெயில் போட்டதும் மாவின் ஈரம் ஆவியாகிச் சளசளக்கும், ஈரம் தீரத் தீரச் சத்தம் அடங்கும். நீ அதைக் காதால் கேட்டுத்தான் எடுக்கிறாய், அன்றும் இன்றும். வெள்ளைப் பணியாரமும் அப்படியே. உழக்கில் பச்சரிசி தலைதட்டி, அதன்மேல் உளுந்து கோபுரமாக. மாவின் பதத்தை உன் விரல் சொல்லும், சிவக்காமல் எடுக்கக் கண் சொல்லும். கல்பாசி வறுக்கிற வேலையை இனி நான் பார்க்கிறேன். உனக்குச் சமமாக வராது, வரும் என்று யாரும் என்னிடம் சொல்லவும் வேண்டாம்.

அடுப்படியில் கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்று மாட்டியாகிவிட்டது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும் என்பதால் தாழ்வாகவே மாட்டச் சொன்னேன். உன் வீட்டுக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே.

சஷ்டியும் சதயமும் சேர்கிற நோன்பு நாளை அயித்தான் காலண்டரில் குறித்திருப்பார். அன்று உனக்கு இழை எடுத்துத் தர ஆத்தா காத்திருப்பார். நீ முதல் நாளே வா. அரிசி ஊறப்போட ஆள் வேண்டும், பணியாரம் ஊற்ற நீ வேண்டும். கூட்டத்தில் யார் என்ன பேசுவார்கள் என்று யோசித்து வராமல் இருந்தால், அவர்களுக்காக என்னை விட்டாய் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

உன் தங்கச்சி