ஃபிஜி கரும்புக்கு நேர்ந்தது செம்பனைக்கு நேரக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடானது. பசிபிக் தீவுகள் மன்றத்தோடு 2023இலேயே ஆசியான் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துவிட்டது. ஆனால், சாலமன் தீவுகள் 2022இல் சீனாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்ததிலிருந்து, அந்தத் தீவுகளைப் பற்றிப் பேசினாலே துறைமுகம், போர்க்கப்பல் என்றுதான் பேசுகிறார்கள். அங்கே மண்ணில் பாடுபடுபவர்களின் விளைச்சலை யார், என்ன விலைக்கு வாங்குவது? மலேசியத் தோட்டத்து மக்களாகிய நாம் இதைக் கேட்டாக வேண்டும்.

ஃபிஜியைப் பாருங்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய நம்மவர்களும் அங்கே கரும்பு வெட்டினார்கள். 1975இல் ஐரோப்பா சர்க்கரை உடன்படிக்கை செய்து, ஃபிஜி சர்க்கரையை உறுதியான நல்ல விலைக்கு வாங்கியது. அதை நம்பிக் குடும்பங்கள் கடன் வாங்கின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சர்க்கரைக் கொள்கையை மாற்றி, விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. 2009இல் உடன்படிக்கையே முடிந்தது. ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததைக் காரணம் காட்டி, கரும்புக்கென ஒதுக்கிய உதவியையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. நிலக் குத்தகைச் சிக்கலும் அங்கே உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் ஆட்சியைக் கவிழ்த்தவன் கரும்பு விவசாயி அல்லவே!

அடுத்தது பாமாயில் தரும் செம்பனை. 2015இல் நம் நாட்டின் சைம் டார்பி, பாப்புவா நியூ கினியின் நியூ பிரிட்டன் பாம் ஆயில் நிறுவனத்தை வாங்கியது. அங்கும் சாலமன் தீவுகளின் குவாடல்கனாலிலும் சிறு தோட்டக்காரர்கள் அந்த ஆலைகளுக்குக் குலை போடுகிறார்கள். ஐரோப்பாவின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடைச் சட்டம், 2020க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஆதாரம் கேட்கிறது. காட்டைக் காக்கத்தான் வேண்டும். அந்த ஆதாரம் திரட்டும் செலவை ஐந்து ஏக்கர்காரன் தலையில் கட்டுவதுதான் அநியாயம். பேராக்கில் இருப்பவனுக்கும் பாப்புவாவில் இருப்பவனுக்கும் இதில் ஒரே கவலை.

ஆகவே ஆசியான் அந்தத் தீவுகளோடு வணிகம் பேசும்போது, குலைக்கு விலை வைக்கும் முறையை வெளிப்படையாக எழுதட்டும். வாங்குபவர் விலகுவதானால் சில ஆண்டுகள் முன்னறிவிப்பும் மாற்றுத் தொழிலுக்கான நிதியும் தரும் கட்டாயம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பேச்சுவார்த்தையில் விவசாயிகளின் சங்கங்களுக்கும் இடம் வேண்டும். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது நம் மக்கள் பட்ட பாட்டைக் கண்டுதான், எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதே பாட்டை நம் நாட்டு நிறுவனங்களும் நம் வட்டார அமைப்பும் இன்னொரு மக்களுக்குத் தந்துவிடக் கூடாது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை மக்களவையில் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத் தொழிலாளியின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்