கிளாஸ்கோ சென்றுவர உதவிய அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். முதுகலைச் சமூகவியல் படிப்பில் விளையாட்டையும் பண்பாட்டையும் ஆராயும் விருப்பப்பாடத்தை எடுத்துப் படித்து, அதன் பகுதியாக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று திரும்பியிருக்கிறேன். வியாசர்பாடித் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த ஒரு பெண்ணை, அந்தப் பந்தைப் பற்றியே படித்து வரக் கடல் கடந்து அனுப்பியவர்கள் நீங்கள். நேரில் சொன்ன நன்றி போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பயிற்சியாளர் அண்ணாவுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று பலரும் கேட்ட காலத்தில், பையன்களுக்கு ஒதுக்கிய அதே நேரத்தை எங்களுக்கும் ஒதுக்கினார். பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பந்து கிடையாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்ததையும், அத்தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனதையும் வகுப்பில் படித்தபோதுதான், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

பயணத்துக்கு முன் சொந்த ஊரின் விளையாட்டைக் குறித்துக் கள ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அப்போது காசிமேட்டுக் குத்துச்சண்டை வாத்தியார் ஒருவர், சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளில் யார் யாரிடம் கற்றார்கள் என்ற வரிசை பிசகாமல், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் மாலைதோறும் எனக்குச் சொல்லித் தந்தார். புதுவண்ணாரப்பேட்டை கேரம் கிளப் அண்ணன்கள், 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் தொடங்கி, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வரையிலான கதையை எடுத்துரைத்தார்கள். இவர்கள் தந்தவை எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைத்திருக்காது.

ஓர் ஆட்டத்தில் யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், மைதானம் யாருடையது, செலவை ஏற்றது யார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எந்த வேலையை முடித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்கப் பழக்கியவர் எங்கள் பேராசிரியர். அந்தப் பழக்கத்தோடு போனதால்தான், கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய தொழிலாளர்களின் நகரம், துறைமுகத்தையும் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் அருகில் பார்த்து வளர்ந்த எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. உலகின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று அங்கே ஒரு கிரிக்கெட் மைதானத்தில்தான் நடந்தது. இங்கிலாந்து வீரர்கள் தனித்தனியே பந்தை உருட்டிக்கொண்டு செல்ல, ஸ்காட்லாந்து வீரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டி அனுப்பி ஆடினார்கள். இரு அணியும் கோல் அடிக்கவில்லை. செல்டிக் கால்பந்துக் கழகம் 1887-இல் ஒரு தேவாலயக் கூடத்தில் தொடங்கப்பட்டதே, கிழக்கு கிளாஸ்கோவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காகத்தான் என்று அறிந்தபோது எங்கள் மைதானத்தை நினைத்துக்கொண்டேன். அதே கழகத்தின் இரண்டாம் நிலை அணிக்காக 1936-இல் கல்கத்தாவின் முகமது சலீம், பூட்ஸ் இல்லாமல் பாதங்களில் துணிக்கட்டுடன் ஆடியிருக்கிறார். ஹாம்ப்டன் பார்க் விளையாட்டரங்கில் உள்ள கால்பந்து அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள், என் கேள்விகள் தீரும்வரை பொறுமையுடன் உடன் நடந்தார்கள். சாதாரண உழைப்பாளிகளின் ஆட்டத்தை ஓர் ஊர் இவ்வளவு மதிப்புடன் பாதுகாக்க முடியும் என்று கண்ணால் பார்த்தது என்னை உலுக்கிவிட்டது. நம் வாத்தியார்களின் நினைவுகளும் அப்படிப் பாதுகாக்கப்பட வேண்டியவையே.

விமானச் சீட்டுக்குக் கடன் பெற்றுத் தந்த அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும், பாஸ்போர்ட் விசாரணையின்போது எனக்காகச் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டு மாமாவுக்கும், தம் குளிர்கோட்டைத் தந்து என்னைத் தம் மகளைப் போல் பார்த்துக்கொண்ட கிளாஸ்கோ தமிழ்க் குடும்பத்துக்கும் என் மனமார்ந்த நன்றி.

நீங்கள் திரட்டித் தந்த பணத்தில் மிஞ்சியதைக் கணக்குடன் பயிற்சியாளர் அண்ணாவிடம் ஒப்படைத்துவிட்டேன். சிறுவர் சிறுமியருக்குப் பூட்ஸ் வாங்க அது பயன்படும். பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளின் படிகளை அவரவர் வீட்டில் கொடுத்து வருகிறேன். பெயரோ ஆண்டோ பிழையாகப் பதிவாகியிருந்தால் அருள்கூர்ந்து தெரிவியுங்கள். ஆய்வேட்டைத் தமிழில் அச்சிடும் முன் திருத்திவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
வியாசர்பாடி