‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால் போதுமா

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் போனை வாங்கி என்னைவிட வேகமாகப் படிக்கிறார். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், மாறப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மதிப்பெண் மென்பொருளில் ஒரு ஆசிரியை ஒரு வகுப்புப் பிரிவின் மதிப்பெண்களை மொத்தமாக அழித்துவிட்டார், டீமில் எல்லோரும் ‘இன்னொரு எச்சரிக்கைப் பெட்டி போடலாம்’ என்கிறார்கள், உனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது என்று எழுதியிருந்தாய். இடித்தது சரிதான். அந்தப் பெட்டி வேண்டாம்.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் ஒரு பென்சில், அதை ஒட்டியே ஒரு குப்பைத்தொட்டி. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. விரலால் தொடும் பட்டன் குறைந்தது 44 பாயின்ட் இருக்கட்டும் என்கிறது ஆப்பிள், 48 டிபி என்கிறது கூகுள் (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). உன் ஐகான்கள் அதில் பாதிகூடத் தேறாது போலிருக்கிறது. நாளெல்லாம் தொடவேண்டிய பென்சிலுக்கும், வருடத்தில் ஓரிரு முறை தேவைப்படும் குப்பைத்தொட்டிக்கும் ஒரே வரிசையில் ஏன் இடம் கொடுத்தீர்கள்? நீக்கும் வேலையை அந்தப் பிரிவைத் திறந்தால் வரும் பக்கத்துக்குள் தள்ளிவிடு. தேடிப் போகிறவர் போகட்டும்.

அந்த ஆசிரியைக்கு என்ன நடந்திருக்கும்? என் ஊகம் இது. ஒரே பிரிவு இரண்டு முறை பதிவாகியிருந்ததால், காலியாக இருந்ததை நீக்கப் போனார் என்று எழுதியிருந்தாய். குப்பைத்தொட்டியைத் தொட்டிருப்பார். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று பெட்டி வந்திருக்கும், ‘ஆம்’ கொடுத்திருப்பார். பெட்டி மூடிக்கொண்டது, ஆனால் வரி அப்படியே நின்றது, ஏனென்றால் சர்வர் இன்னும் பதில் சொல்லவில்லை. சரியாகப் படவில்லை போல என்று மறுபடி அதே இடத்துக்கு விரல் போகிறது. அதற்குள் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, கீழே இருந்த பிரிவு மேலே ஏறிவிட்டது. மறுபடி அதே பெட்டி, அதே கேள்வி. எந்தப் பிரிவு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மறுபடி ‘ஆம்’. உங்கள் மென்பொருள் இரண்டு தடவையும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது, அவரும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்.

பொருள்களை மனிதர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் நார்மன் இந்த மாதிரிக் கைத்தவறல்களை வகைபிரித்து 1981-லேயே ஒரு கட்டுரை எழுதினார். நோக்கமே தப்பாக இருப்பது ஒரு ரகம், நோக்கம் சரியாக இருந்தும் கை வேறொன்றைச் செய்துவிடுவது இன்னொரு ரகம். ஆசிரியையுடையது இரண்டாவது. நீக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, ‘நீக்கவா?’ என்று பத்து பெட்டி போட்டுக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார். எதை நீக்குகிறோம் என்பதில்தான் பிசகு. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பழக்கம் என்று ஒன்றும் இருக்கிறது. 1979-ல் ஆப்பிளில் மேக்கின்டாஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் இதை அழுத்திச் சொன்னார்: அடிக்கடி வரும் கேள்விக்கான பதில், கேள்வியைப் படிப்பதற்கு முன்பே விரலுக்கு வந்துவிடும். இரண்டாவது பெட்டி வைத்தால் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் தடுக்கும். அப்புறம் இரண்டு தட்டும் சேர்ந்து ஒரே அசைவாகிவிடும், உங்கள் டீமும் மூன்றாவது பெட்டி பற்றிப் பேச உட்காரும்.

ஆகவே முதலில் நீக்கிவிடு, பிறகு திரும்பி வர வழி கொடு. இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1983-ல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே குப்பைக்கூடை உண்டு, விண்டோஸ் 95-ல் ‘ரீசைக்கிள் பின்’ என்ற தொட்டி வந்தது. விண்டோஸுக்கு முன்னால் நாம் படித்த டாஸ் காலத்தை நினைத்துப் பார். ஒரு ஃபைலை அழித்தால் உண்மையில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும், அது பிடித்திருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளே இருந்ததெல்லாம் வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை அப்படியே இருக்கும். 1991-ல் எம்எஸ்-டாஸ் 5-ல் வந்த, அழித்ததை மீட்கும் அன்டிலீட் கட்டளை, பெயரின் முதல் எழுத்து என்ன என்று நம்மிடம் கேட்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓர் எழுத்துதான் போயிருக்கும். இயந்திரத்துக்கு எப்போதும் அவசரம் இருந்ததில்லை. திரும்ப வர முடியும் என்பதைத் திரையில் காட்டாமல் விட்டது நம் ஆட்கள்தான்.

வாட்ஸ்அப்பில் நடந்ததும் உனக்குத் தெரியும். ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று நினைத்து ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்பதைத் தொட்டுவிட்டால், அந்தச் செய்தி நம் கண்ணிலிருந்து மட்டும் போய்விடும், மற்றவர்களிடம் ஜம்மென்று இருக்கும், அதற்கப்புறம் நமக்கு அதைத் தொட வழியே இருந்ததில்லை. 2022 டிசம்பரில் ஐந்து நொடிக்கு ஒரு அன்டூ கொடுத்தார்கள். கேள்வி எதையும் சேர்க்காமல் திரும்பும் வழியை மட்டும் சேர்த்தார்கள். நல்ல முடிவு.

ஆனால் ஐந்து நொடி உன் ஆசிரியைக்குப் போதாது. அவருக்கு மறுநாள்தானே தெரிந்தது? திரையின் அடியில் ஒரு பட்டை வந்து ‘நீக்கப்பட்டது, திரும்பப் பெறு’ என்று சொல்லிவிட்டுப் போவது, அந்தக் கணமே கவனித்தவருக்கு உதவும். மறுநாள் கவனிப்பவருக்கு, நீக்கியவை கொஞ்ச நாள் தங்கியிருக்கும் ஒரு தொட்டி வேண்டும். திரையை வாசித்துச் சொல்லும் கருவி வைத்திருப்பவருக்கோ, அந்தப் பட்டை வாசிக்கப்படுவதற்கு முன்பே மறைந்துபோகலாம், அவருக்கும் தொட்டிதான். ஜிமெயில் 30 நாள் வைத்திருக்கிறது, கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஆன படங்களை 60 நாள். உங்களுக்கு ஒரு பருவம் முழுக்க வைத்தாலும் தகும். மதிப்பெண்கள் என்ன பெரிய இடமா பிடிக்கப்போகின்றன?

டேட்டாபேஸ்காரர் முணுமுணுப்பார், தயாராக இரு. நீக்கிய நேரத்தைக் குறிக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும் என்று ஆரம்பிப்பீர்கள். அப்புறம்தான் ஒவ்வொரு அறிக்கையிலும் நீக்கப்பட்ட மாணவர்கள் எட்டிப்பார்ப்பார்கள், அதே பெயரில் புதுப் பிரிவு தொடங்கப் போனால் ‘ஏற்கனவே இருக்கிறது’ என்று தகராறு செய்யும். இதையெல்லாம் ஒரே இடத்தில் வடிகட்டுகிற மாதிரி எழுதச் சொல். இன்னொன்று, உண்மையாகவே அழிக்கச் சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17-வது பிரிவு அந்த உரிமையைத்தான் கொடுக்கிறது. தொட்டியை நிரந்தரமாகக் காலி செய்யும் பட்டனும் வேண்டும், ஆனால் அது வகுப்பு ஆசிரியர் கையில் இருக்க வேண்டியதில்லை.

திரும்ப வர முடியாத அந்த ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திக் கேள். கேட்டால் உருப்படியாகக் கேள்: எந்தப் பிரிவு, எத்தனை மாணவர்கள், எத்தனை பாடங்களின் மதிப்பெண்கள். பட்டனில் ‘ஆம்’ வேண்டாம், ‘பத்தாம் வகுப்பு ஆ பிரிவை அழி’ என்றே எழுது. என்டர் தட்டினால் ஓடுவது அந்தப் பட்டனாக இருக்கக் கூடாது. புரோகிராமர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு திட்டத்தை அழிக்க அதன் பெயரை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், அதுவும் நல்ல ஏற்பாடு. அபூர்வமாக வந்தால் மட்டும். தினமும் வந்தால் பெயரைக் காப்பி அடித்து ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதும் கண்ணில் பட வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, அதே மாதிரித் தளம் நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க நினைத்த டேட்டாபேஸை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவே இல்லை. அவ்வளவு தேர்ந்த ஆளுக்கே இரண்டு கறுப்புத் திரைகளும் ஒரே மாதிரி இருந்தால் குழப்பம்தான். பிறகு எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது திரையில் பளிச்சென்று தெரிய ஏற்பாடு செய்தார்கள். உங்கள் பக்கத்தின் தலையில் பிரிவின் பெயர் சிறிய சாம்பல் எழுத்தில் ஒளிந்திருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இன்னும் ஒரு விஷயம், நீ கேட்காதது. நீக்கு என்ற பட்டனே இல்லாமல் அழிப்பவைதான் எனக்கு அதிகப் பயம். எக்செல் ஃபைலை ஏற்றும் வசதி இருக்கிறது என்றாயே, அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்கிறீர்கள்? ஏற்கனவே இருந்த மதிப்பெண்ணின் மேல் காலியை எழுதிவிட்டால் அதுவும் அழிப்புதான். யாரும் எதையும் நீக்கவில்லை, எந்தப் பெட்டியும் வரவில்லை, தொட்டியிலும் ஒன்றும் இருக்காது. காலிக் கட்டத்துக்குப் பழைய மதிப்பே இருக்கட்டும். ஏற்றும் முன் ‘212 மதிப்பெண்கள் மாறும், 9 காலியாகும்’ என்கிற மாதிரி ஒரு கணக்கைக் காட்டி, மாறப்போகிற வரிகளையே கண்ணெதிரே வைத்துவிடு. ஏற்றியதை ஒரே சொடுக்கில் முந்தைய நிலைக்குக் கொண்டுபோக முடிய வேண்டும்.

டீமில் யாரோ ‘பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்’ என்றார்களாமே. ஆசிரியைக்கு வேலை தெரியும், பாவம். அவரிடம் தொலைபேசியில் ஒரு அரைமணி நேரம் பேசு. திரையில் எந்த வரிசையில் என்ன வந்தது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் மேலே எழுதியதில் பாதியைத் திருத்தி அனுப்புகிறேன்.

அடுத்த முறை படங்களைக் கணினியில் எடுக்காமல் மலிவான ஒரு போனில், நெட்டை மெதுவாக்கி வைத்து எடுத்து அனுப்பு. எக்செல் ஏற்றும் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருடக் கடைசியில் உன் பக்கம் வரும் வேலை ஒன்று இருக்கிறது, தேதி உறுதியானதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
முரளி