விதி இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தயக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடுகளுக்கு இடையிலான சைபர் தாக்குதல்கள் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். ‘இணையவெளி சட்டம் எட்டாத காடு’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் வக்கீல் இல்லை. துணைமின் நிலையங்களிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற மின் பொறியாளர். எங்கள் துறைமீது நடந்த ஒரு தாக்குதலைப் பற்றித் தேடிப் படிக்கப்போய்த்தான் இந்தச் சட்ட விவகாரம் அறிமுகமானது.

2015 டிசம்பர் 23. உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள். கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் மவுஸைத் தொடாமலே திரையில் அம்புக்குறி நகர்ந்து, மின் ஓட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளான பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கணினி வழியே ஊடுருவியவர்கள் அத்தோடு விடவில்லை. துணைமின் நிலையங்களோடு பேசும் தொடர்புக் கருவிகளின் உள்மென்பொருளையும் கெடுத்துவிட்டார்கள். அதனால் அறையில் உட்கார்ந்தபடி பிரேக்கரைத் திரும்பப் போட முடியாது. புகார் எண்ணைப் போலி அழைப்புகளால் திணறடித்தார்கள். யு.பி.எஸ்.ஸைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஆட்கள் நேரில் போய்க் கையால் இயக்கித்தான் சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே மிச்சமிருந்தது அதிர்ஷ்டம். எல்லாமே தானியங்கியாகிவிட்ட இடமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்னொரு கடிதத்தில்தான் எழுத வேண்டும்.

அதே டிசம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 20 நாடுகளின் நிபுணர் குழு அந்த ஆண்டு கொடுத்த அறிக்கையை எல்லா நாடுகளும் வழிகாட்டியாகக் கொள்ளச் சொன்ன தீர்மானம் அது. அறிக்கையில் இருந்த 11 நெறிகளில் ஒன்று, மக்களுக்குச் சேவை தரும் முக்கியக் கட்டமைப்புகளை வேண்டுமென்றே கெடுக்கும் கணினிச் செயல்களில் எந்த நாடும் இறங்கக் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே தேதி என்று கவனித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, அந்த 11 நெறிகளும் தன்னார்வமானவை, கட்டுப்படுத்தாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கட்டுப்படுத்தும் சட்டமும் இருக்கிறது. சர்வதேசச் சட்டமும் குறிப்பாக ஐ.நா. சாசனமும் இந்தத் துறைக்குப் பொருந்தும் என்று 2013-லேயே இத்தகைய குழு ஒன்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பலப்பிரயோகத்தைத் தடுக்கும் சாசனத்தின் 2(4) பிரிவில் குண்டு, துப்பாக்கி என்று எந்த ஆயுதத்தின் பெயரும் இல்லை. தன் நிலத்திலிருந்து பிற நாட்டின் உரிமைகளுக்குக் கேடு வர ஒரு நாடு தெரிந்தே இடம் தரக் கூடாது என்று கோர்ஃபு கால்வாய் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1949-இல் தீர்ப்பளித்தது. அன்று பேச்சு கடற்கண்ணிகளைப் பற்றியது. சர்வர்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. பொருந்தாமல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்புறம் எங்கேதான் சிக்கல்? விதியை வாய்விட்டுச் சொல்வதில். 2017-இல் நாட்பெட்யா என்ற தீம்பொருள் உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் வரை பல நாடுகளில் கணினிகளை முடக்கியது. ரஷ்ய ராணுவமே பொறுப்பு என்று பிரிட்டன் 2018 பிப்ரவரியில் அறிவித்தது. உக்ரைனின் இறையாண்மையை மதிக்காத செயல் என்றும் கண்டித்தது. ரஷ்யா மறுத்தது. மூன்றே மாதத்தில், அதே பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் ஜெரிமி ரைட், சைபர் செயல்களுக்கென்று இறையாண்மையிலிருந்து தனி விதி எதையும் வருவிக்க முடியாது, பிற நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்ற விதியே போதும் என்று பேசினார்! அடுத்த ஆண்டு பிரான்ஸ் நேர் எதிராக, தன் கணினி அமைப்புகளுக்குள் அத்துமீறி நுழைவதே இறையாண்மை மீறலாகலாம் என்று எழுதி வெளியிட்டது. பிரான்ஸ் சொல்வது சரியா என்பது இருக்கட்டும், எழுதிக் கொடுத்திருக்கிறது. நாளை அதே வேலையைப் பிரான்ஸ் செய்தால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம். பல நாடுகள் எழுதத் தயங்குவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. நாம் சொல்லும் விதி நம் உளவுத்துறையின் கையையும் கட்டுமே!

அந்த மின்தாக்குதல் என்ன ஆயிற்று? 2020 அக்டோபரில் அமெரிக்கா, அதையும் நாட்பெட்யாவையும் சேர்த்து, ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் ஆறு பேர்மீது குற்றப்பத்திரிகை வெளியிட்டது. கணினி ஊடுருவல், மோசடி, அடையாளத் திருட்டு என்று எல்லாமே உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் கீழ். ஆட்கள்மேல் வழக்கு வந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்த சட்டமீறல் என்ற கணக்கில் அது வரவில்லை. நாடுகளுக்கு இடையிலான சைபர் தாக்குதல் எதன்மீதும் சர்வதேச நீதிமன்றம் இன்றுவரை தீர்ப்புச் சொன்னதில்லை.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹேக்கிங் நடந்தால் உடனே ‘சைபர் போர்’ என்று தலைப்பிட வேண்டாம். ஆயுதத் தாக்குதல் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால், சாசனத்தின் 51-ஆம் பிரிவுப்படி தற்காப்புக்காக ராணுவத்தை இறக்கும் உரிமை வருகிறது. பெரும்பாலான ஊடுருவல்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பவை. அதற்குப் பதிலாக, கண்டன அறிக்கை வாசிக்கும் செய்தித் தொடர்பாளரிடம் எந்த விதி மீறப்பட்டது, உங்கள் நாடு அந்த விதியை ஏற்கிறதா என்று கேளுங்கள். இந்த விஷயத்தைத் தொடர்ந்து பேச ஒரு நிரந்தர அமைப்பு வைப்பதென்று ஐ.நா.வில் 2025 ஜூலையில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதன் கூட்டங்களில் யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் நழுவினார்கள் என்று பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர், உங்கள் வாசகர்