வீக்கம் வடிந்ததை அளப்பது எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீன மரபு மருத்துவத்தில் வீக்கத்தின் மேல் வைத்துக் கட்டப்படும் மாங்சியாவ் என்னும் சோடியம் சல்பேட் உப்பு போன்றவற்றின் பலனை, செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் படங்களைக் கொண்டு மதிப்பிடுவது வரவேற்கத்தக்கது. விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதைவிட, தோலடித் திசுவின் தடிப்பை மில்லிமீட்டரில் குறித்துவைப்பது துல்லியமானதே.

ஆயினும், பரிசோதிப்பவர் கருவியின் முனையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே வீங்கிய திசு அமுங்கி, வீக்கம் குறைந்ததுபோல் படத்தில் பதிவாகிவிடும். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் மென்பொருளோ, மங்கலான விளிம்பைத் தானாக ஊகித்துக் கூர்மையாக்கிவிடக்கூடும். ஆகவே மென்பொருள் தொடாத மூலப் படங்களைப் பாதுகாப்பதும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அறியாத ஒருவர் அளப்பதும், அந்த மருந்து இடப்படாதவர்களோடு ஒப்பிடுவதும் இன்றியமையாதவை. சுளுக்கு வீக்கம் ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் வடிந்துவிடும். அந்தப் பெருமை மருந்துக்குப் போய்ச் சேருவது நாம் அறியாததன்று.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் அமைந்துள்ள சென்னையில், சித்த மருத்துவத்தில் வீக்கத்தின் மேல் பூசப்படும் பற்றையும் ஒற்றடத்தையும் இம்முறையில் சோதித்துப் பார்க்கலாம். இருதயம், சிறுநீரகக் கோளாறுகளால் இரு கால்களும் வீங்குவோரை இதில் சேர்க்காமல், கணுக்கால் சுளுக்கு போன்ற எளியவற்றிலிருந்து தொடங்கி, பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் வெளியிடுமாறு அந்நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.