பெரிய வியாழனும் என் வலது காலும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். லெந்து என்னும் தவக்கால நாட்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறைச்சியை விடுவது, காபியை விடுவது, தொலைக்காட்சித் தொடரை விடுவது என்று விடவேண்டியவற்றை எல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். நான் நாற்பது நாளும் கறி தொடாதவன். அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியும் இருப்பேன். அந்தப் பத்துப் பேரிடம் சொல்லவைத்த பெருமையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஆராதனையில், சென்ற ஆண்டு பாதம் கழுவுவதற்கு எங்கள் சபையில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் ஒருவன். மாலை ஆராதனைக்கு மதியமே கிணற்றடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குதிகாலைத் தேய்த்தேன், நகம் வெட்டினேன். கழுவப்படப் போகிற காலைக் கழுவிக்கொண்டு போகும் வேடிக்கை அப்போது உறைக்கவில்லை. ஆயர் முழங்காலிட்டார். இரண்டு கேமராக்கள் கிட்டே வந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபிக்க அல்ல, படத்தில் பக்தியாகத் தெரியட்டும் என்று.

அடுத்த மாதம் சபைச் செய்தி மடலில் படம் வந்தது. ஆயரின் தலை, பித்தளைத் தாம்பாளம், என் வலது கால். முழங்காலுக்கு மேல் நான் இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நகமாவது சுத்தமாக வெட்டியிருக்கிறீர்களே" என்றாள்.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், பிறர் பாதத்தைப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களில் தொழுநோய்க் களப்பணியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிள் மிதித்தேன். இந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுகிறது. வலி தெரியாமல் படுகிற காயங்களே கையையும் காலையும் தின்கின்றன. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்து இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 1955-ல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை வந்த பிறகு, இந்தப் பாதப் பராமரிப்பு எங்கள் பக்கத்தில் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். சித்திரை வெயிலில் தார்ச்சாலை வழியாக நடந்து வந்து, சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். அவர் வந்த வழியில், சிமெண்டுத் தரையில், ஓரடிக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு. செருப்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஏறிய ஆணி பாதத்துக்குள் பாதி போயிருந்தது. "எப்போது ஏறியது?" என்று கேட்டேன். "என்ன ஏறியது?" என்று என்னையே கேட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது மிகச் சாதாரண வேலை. தினமும் பாதத்தை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். காய்த்துப்போன தோலைக் கல்லால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவவேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு புறங்கையால் பாதம் முழுதும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஓரிடம் மட்டும் சுடுகிறது என்றால் அங்கே புண் வரப்போகிறது என்று பொருள். அன்றைக்கு நடையைக் குறைக்கவேண்டும். வலி சொல்லாததைக் கண்ணும் புறங்கையும் சொல்லியாகவேண்டும். மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு கொடுத்துவிட்டோம், இனிப் பார்க்கவேண்டாம் என்று இருந்தவர்கள்தான் திரும்பத் திரும்பப் புண்ணோடு வந்தார்கள்.

பெருமையும் வலிக்காது. பொய் சொன்னால் நெஞ்சு உறுத்துகிறது, கோபப்பட்டால் இரவில் தூக்கம் கெடுகிறது. பெருமை வந்தால் உடம்புக்குச் சுகமாகத்தானே இருக்கிறது? ஆணி ஏறியதே தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்து உட்காருகிறோம். இயேசு சொன்ன உவமையில், தன் நற்செயல்களை அடுக்கி ஆலயத்தில் ஜெபித்த பரிசேயனுக்கும் தன்மேல் ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே இப்போதெல்லாம் படுக்கும் முன் புறங்கை வைத்துப் பார்க்கிறேன். எங்கே சுடுகிறது? காணிக்கைப் பட்டியலில் என் பெயருக்கு முன் இன்னொருவர் பெயர் வாசிக்கப்படும்போது சுடுகிறது. ஜெபக்கூட்டத்தில் என் குரல் எப்படி ஒலிக்கிறது என்று ஜெபத்தின் நடுவிலேயே கவனிக்கும்போது சுடுகிறது. "தாழ்மையோடு சொல்லுகிறேன்" என்று பேச்சை ஆரம்பிக்கும்போது நிச்சயமாகச் சுடுகிறது.

தாழ்மையைத் தனியாகத் தேடிப்போகவேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். களத்தில் இருந்த நாளில் ஒரு வெடிப்புக்குள் மண் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் தாழ்மையாக இருக்கிறேனா என்ற கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை, அதற்கு ஒழிவேது? கூச்சம் எல்லாம் எதிரே இருந்தவர்களுக்குத்தான். சில பெண்கள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வார்கள். இயேசு தன் கால்களைக் கழுவக்கூடாது என்று சீடர் பேதுரு ஏன் தடுத்தார் என்பது பிரசங்கத்தில் விளங்காமல் அந்தத் திண்ணைகளில்தான் எனக்கு விளங்கியது.

1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் வைத்தியம் தொடங்கிய ஊர் வேலூர். ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே என்ற மாற்கு சுவிசேஷச் சொல்லை அறியாத கிறிஸ்தவர் வேலூரில் இருக்கமாட்டார். அதே சொல்லை மேடைப் பதாகையில் அச்சடித்து, அதன் கீழே பதினெட்டு முகங்களையும் போடுகிறவர்களும் நாம்தான்.

வரும் பெரிய வியாழனுக்குக் கேமரா வேண்டாம் என்று சபைக் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு ஏழைகளைத் தேர்ந்தெடுக்கலாமே என்றார் ஒருவர். நல்ல யோசனைதான், ஆனால் அதற்குத்தான் கேமரா இன்னும் கிட்டே வரும். தாங்களும் காசோலை கொடுப்பவர், வாங்குபவர் படங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.

இந்தக் கடிதத்தில் என் பெயரைப் போடவேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதப் பேனாவை எடுத்தபோதே உள்ளே ஓரிடத்தில் இதமாகச் சுட்டது. போடுவதும் விடுவதும் தங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணியாளர்,
காட்பாடி