பெங்களூர் அல்சூரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் தம்பியும் நலந்தானே? பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பிய ரைஸ் குக்கர் பத்திரமாக வந்தது. ஆனால் பிளக் சுவரில் ஏறவில்லை. நம் பினாங்கில் மூன்று பட்டைக் கால், இங்கே மூன்றும் உருண்டைக் கால். எதிர்க்கடை எலக்ட்ரீஷியன் வயரை வெட்டி வேறு பிளக் மாட்டிக் கொடுத்துவிட்டு, "இங்கேயே வாங்கியிருக்கலாமே மேடம்" என்று சிரித்தார்.

"பினாங்கில் செய்ததையே கப்பலில் ஏற்றினால் ஆகாதா, எதற்கு உதிரிகளை அங்கே கொண்டுபோய்ப் பூட்டுகிறீர்கள்?" என்று போனில் கேட்டீர்களே, அதற்குப் பாதிப் பதில் இந்த பிளக்தான். எங்கள் கம்பெனி செய்யும் அளவுக் கருவிக்கும் இந்த ஊர் பிளக், இந்த ஊர் லேபிள் எல்லாம் வேண்டும். உள்ளே இருக்கும் மின்சுற்று போர்டு கையகலம்தான். அது பினாங்கிலிருந்து வருகிறது. தகரப் பெட்டியோ பழைய டிவி அளவு. பூட்டியே அனுப்பினால் பாதிக் கண்டெய்னரில் காற்றுக்கு வாடகை கட்ட வேண்டியதுதான். பெட்டியை இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வளைத்துத் தருகிறார்கள்.

அப்புறம் வரி. பல பொருள்களுக்கு முழுசாக வந்தால் அதிக வரி, உதிரியாக வந்தால் குறைவு. கைப்பேசிக்கு 2018இல் சுங்கவரியை 20 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலையில்தான் 15க்கு இறங்கியது. சில பொருளுக்கு இது தலைகீழ்: உதிரிக்குத்தான் வரி அதிகம். அப்படியானால் இங்கே கடை விரிப்பதே நஷ்டம்.

எங்களுக்கு வரியைவிட டெண்டர்தான் பெரிது. அரசு வாங்கும்போது உள்நாட்டுச் சரக்குக்கு முன்னுரிமை என்று 2017இல் உத்தரவு வந்தது. இப்போதைய கணக்கில் மதிப்பில் 50 சதவீதமாவது இங்கே உண்டாகியிருந்தால் முதல் வகுப்பு சப்ளையர், 20 சதவீதமாவது இருந்தால் இரண்டாம் வகுப்பு. வெறும் திருகாணி முடுக்கினால் 50 வருமா? அதனால்தான் எங்கள் மேனேஜர் வயருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இங்கேயே ஆள் தேடி அலைகிறார்.

பூட்டும் வேலையை வெளியாளிடம் கொடுத்தால் மலிவு. ஆனால் கருவியைச் சரிபார்க்கும் சூட்சுமத்தை யார் வெளியே விடுவார்கள்? அதற்குத்தான் சொந்தக் கிளைக் கம்பெனி. அதிலும் ஒரு தொல்லை: தாய்க் கம்பெனியிடம் மகள் கம்பெனி வாங்குவதால், விலையைக் குறைத்துக் காட்டியிருப்பார்களோ என்று சுங்கத்துறைக்குச் சந்தேகம். விசாரிக்கவே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நல்ல வேளை, உங்கள் குக்கருக்கு ரசீது கேட்கவில்லை!

கூலி மலிவு, அதனால் இங்கே வந்தார்கள் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். உங்கள் காலத்துக்கு அது சரி. 1972இல் நம் பினாங்கு பாயான் லெப்பாஸுக்கு சில்லு செய்யும் இன்டெல் கம்பெனி வந்ததும், பின்னாலேயே மற்றவர்கள் வந்ததும் அதற்காகத்தான். சில்லு வரும், நீங்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவீர்கள், மறுபடி வெளிநாட்டுக்குப் போய்விடும். அதை வாங்கியவர் முகத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. இங்கே பூட்டுவது இங்கேயே தங்கிவிடுகிறது. வாங்கியவர் பழுதென்றால் நேரே வந்து சண்டை போடுகிறார். பினாங்குக்கு அனுப்பித் திரும்ப வரவழைப்பதென்றால் எத்தனை வாரம்!

மற்றபடி ஊர் குளிர்ச்சி. ஏரிப் பக்கம் நடக்கப் போவேன். அங்கே 18 வருஷம் மூடிக் கிடந்து 2009இல் திறந்த வள்ளுவர் சிலை இருக்கிறது. "பசியாறியாச்சா?" என்று நான் காலையில் கேட்டால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். இங்கே அது டிபனாம்.

என் மேசைக்கு எதிரே ஓசூர்ப் பெண் ஒருத்தி போர்டு பார்க்கிறாள். நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் எப்படிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பீர்களோ, அச்சு அசல் அப்படியே நிற்கிறாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். கழுத்து வலிக்கு அப்போது என்ன தைலம் போட்டீர்கள் என்று கேட்கச் சொன்னாள். மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த தடவை சம்பால் மட்டும் அனுப்புங்கள். பிளக் வைத்த எதுவும் வேண்டாம்.

உங்கள் மகள்